டிஸ்டர்ப் பண்ணாதே!



இந்தத் தடவை சுவர் இதழுக்கு "ஒரு சொல்லைப் பற்றி எழுதுங்கள்" என்று சொன்னார்கள். என் பக்கத்தில் இருக்கிறவர்கள் அம்மா, நட்பு, மழை, கல்வி என்று நல்ல நல்ல சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிச்சம் கிடைத்தது ஒரு இங்கிலீஷ் சொல். ஆனால் அதை இங்கிலீஷ் என்று சொன்னால் எங்கள் ஆச்சி நம்ப மாட்டாள். அவ்வளவு தூரம் அது நம்ம வீட்டுச் சொல்லாகிவிட்டது. அந்தச் சொல் "டிஸ்டர்ப்".

காலையில் எழுந்ததிலிருந்து எண்ணிப் பாருங்கள். தம்பி போர்வையை இழுத்தால், "ஏல, தூங்குதவளை டிஸ்டர்ப் பண்ணாத." அப்பா போனில் பேசும்போது பக்கத்தில் போனால், "டிஸ்டர்ப் பண்ணாதம்மா, பேசிட்டிருக்கேன்லா." வகுப்பில் பேனா கேட்டால், "ஏட்டி, எழுதும்போது டிஸ்டர்ப் பண்ணாத." டிவியில் படம் சரியாகத் தெரியவில்லை என்றால் அதுவும் டிஸ்டர்ப்தான். பக்கத்து வகுப்பு ரொம்பச் சத்தம் போட்டால் நம்ம சார் போய், "எங்க கிளாஸை டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வருவார்.

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் லாட்ஜ்களில் ரூம் கூட்டித் துடைக்கிற வேலைக்கு எங்கள் ஊரிலிருந்து நிறையப் பேர் போவார்கள். எங்கள் அத்தையும் போவாள். அங்கே கதவுக் கைப்பிடியில் ஒரு அட்டை தொங்குமாம். "டு நாட் டிஸ்டர்ப்" என்று போட்டிருக்கும். அத்தைக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால், "அந்த அட்டை தொங்குனா டிஸ்டர்ப் பண்ணப்படாதுன்னு அர்த்தம்ட்டி, தட்டாம அடுத்த ரூமுக்குப் போயிரணும்" என்று எனக்கே விளக்கம் சொன்னாள். படிக்காதவர்களுக்கும் தெரிந்த சொல் இது. எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் இங்கிலீஷ் வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார். "தி நியூஸ் வாஸ் டிஸ்டர்பிங்." அர்த்தம் சொல்லுங்கள் என்றார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "அந்தச் செய்தி தொந்தரவு செய்தது டீச்சர்" என்றான். டீச்சர், "செய்தி வந்து உன் கதவைத் தட்டிச்சால?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிப்பை அடக்கிவிட்டு, "நீ சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைத் தெரிஞ்சுக்கிட்டா இந்தச் சொல் உங்களுக்குச் சொந்தம்" என்றார்.

பிறகு எங்களிடம் ஒன்று கேட்டார். "2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்துல என்ன நடந்துச்சு?"

எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குத் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது. சீசன் ஆரம்பிக்காத நேரம். மலையில் கோடை மழை பெய்தது கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. சனங்கள் அலறி அடித்து ஓடினார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த 17 வயது மாணவர் ஒருவரை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் இறந்துவிட்டார். அந்த வீடியோ எல்லார் வீட்டு போனுக்கும் வந்தது.

"அதைக் கேட்டப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்றார் டீச்சர்.

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும் மெதுவாக, "ஒரு மாதிரி இருந்துச்சு டீச்சர்" என்றாள்.

"அதுதாம்மா டிஸ்டர்பிங்" என்றார் டீச்சர்.

அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்ததைச் சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதுகிறேன். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், உதவும்.

டிஸ்டர்ப் - இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, வேலையையோ தூக்கத்தையோ இடையில் புகுந்து கெடுப்பது. இன்னொன்று, மனசைக் கலக்குவது.
டிஸ்டர்ப்டு - கலங்கிப் போன. (கலங்கினவரைச் சொல்ல)
டிஸ்டர்பிங் - கலங்க வைக்கிற. (கலக்கினதைச் சொல்ல)
அன்செட்டிலிங் - மனசை நிலைகொள்ளாமல் ஆக்குகிற.
டிஸ்கன்சர்ட்டிங் - என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாற வைக்கிற.
ஸ்கேரி - பயமுறுத்துகிற. (இது எல்லாருக்கும் தெரியும்)

"ஐ ஆம் டிஸ்டர்ப்டு" என்றால் நான் கலங்கியிருக்கிறேன் என்று அர்த்தம். "ஐ ஆம் டிஸ்டர்பிங்" என்று மாற்றிச் சொன்னால் நான் அடுத்தவர்களைக் கலங்க வைக்கிறேன் என்று ஆகிவிடும்! பரீட்சையில் இதைப் பார்த்து எழுதுங்கள். கடைசியில் இருக்கிற எழுத்து யார் கலங்கியது, யார் கலக்கியது என்பதையே மாற்றிவிடுகிறது.

இதைத் தமிழ் ஐயாவிடம் சொன்னேன். அவர், "நம்மகிட்ட இல்லாததா? கலங்கினாள் என்பது தன்வினை, கலக்கினான் என்பது பிறவினை. ஒரு க் மாறினா போதும்" என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம். இலக்கண வகுப்பில் "திருந்தினான், திருத்தினான்" என்று மனப்பாடம் செய்தபோது இப்படி ஒரு விஷயம் அதற்குள் இருக்கும் என்று தோன்றவில்லை.

இன்னொரு ஆச்சரியம் டீச்சரிடம் பெரிய டிக்சனரியை வாங்கிப் பார்த்தபோது கிடைத்தது. டிஸ்டர்ப் என்ற சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அதில் "டர்பாரே" என்றால் கலக்குதல், குழப்புதல். அதே குடும்பத்தில் பிறந்த இன்னொரு சொல் "டர்பிட்." அதற்கு அர்த்தம் கலங்கலான தண்ணீர். அறிவியல் பாடத்தில் தண்ணீரின் கலங்கல் தன்மையை "டர்பிடிட்டி" என்று சார் சொன்னாரே, அதுவும் இதுவும் அக்கா தங்கச்சி. நாம் எதற்கெடுத்தாலும் சொல்கிற "ட்ரபிள்" கூட அந்தக் குடும்பம்தான். "அன்செட்டில்" என்ற சொல்லையும் பாருங்கள். செட்டில் ஆவது என்றால் மண் அடியில் படிவது. அன்செட்டில் என்றால் படிந்த மண்ணைத் திரும்பக் கிளப்பி விடுவது.

எங்கேயோ இருக்கிற ரோம் நாட்டுக்காரர்களும் மனசைத் தண்ணீரோடு ஒப்பிட்டிருக்கிறார்கள், நாமும் ஒப்பிட்டிருக்கிறோம். நாம் எவ்வளவு சொல் வைத்திருக்கிறோம் பாருங்கள். கண் கலங்கியது, மனம் கலங்கியது, கதி கலங்கியது, வயிற்றைக் கலக்கியது. ரிசல்ட் வருகிற அன்றைக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று சொல்வோமே, அதிலும் கரைவதும் கலங்குவதும்தான் இருக்கிறது. (மேடையில் நன்றாக ஆடினவனைப் பார்த்து "கலக்கிட்டல!" என்று கத்துவது வேறு கணக்கு. அதை இங்கே சேர்க்கவில்லை.)

குற்றாலம், தென்காசிப் பக்கம் பிறந்த நமக்குக் கலங்கல் தண்ணீர் என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டாம். சித்தாறு குற்றால மலையில் உற்பத்தியாகித் தென்காசி வழியாகப் போய்த் தாமிரபரணியில் சேர்கிறது. சாரல் நேரத்தில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். காலை வைத்தால் விரல் தெரியும். ஆனால் மலைக்கு மேலே பெருமழை பெய்தால் கொஞ்ச நேரத்தில் நிறம் மாறும். செம்மண் நிறத்தில் வரும். இலையும் சுள்ளியும் சேர்ந்து வரும். அருவியின் சத்தமே மாறிவிடும். மெயின் அருவியில் தண்ணீர் மேலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் குறைந்துதான் கீழே வருகிறது. அப்படி இருந்தும் வெள்ளம் வந்தால் ஆர்ச்சைத் தாண்டி விழும். உடனே போலீஸ்காரர்கள் விசில் அடித்து எல்லாரையும் வெளியே வரச் சொல்வார்கள். மறுநாள் பேப்பரில் "அருவிகளில் வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை" என்று வரும்.

எங்கள் தாத்தா ஒரு விஷயம் சொல்வார். "தண்ணி கலங்கிச்சுன்னா தண்ணியைத் திட்டாத, மேல பாரு. மேல எங்கயோ மழ பெய்யுது." அவர் அருவியைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு அது மனசுக்கும் பொருந்தும் என்று படுகிறது. மனசு கலங்குகிறது என்றால் அது மனசின் குற்றம் கிடையாது. மேலே எங்கேயோ ஏதோ நடக்கிறது. அதற்கு நாம் வெளியே வந்து பார்க்க வேண்டும்.

இனிமேல்தான் நான் எழுத நினைத்த விஷயம் வருகிறது.

பெண்பிள்ளைகளாகிய நாங்கள் "டிஸ்டர்ப்" என்ற சொல்லை இன்னொரு இடத்திலும் சொல்கிறோம். "அவன் டிஸ்டர்ப் பண்ணுதான்." இந்த வாக்கியம் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் தெரியும். பையன்களுக்கும் தெரியும். பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பது, சைக்கிள் பின்னாலேயே வருவது, பாட்டுப் பாடுவது, பெயரைக் கண்டுபிடித்துக் கூப்பிடுவது, பஸ்ஸில் இடம் இருந்தும் இடித்துக்கொண்டு நிற்பது, போன் நம்பர் எழுதிப் போடுவது, இதையெல்லாம் விட மோசமானது, எல்லாவற்றுக்கும் நாங்கள் ஒரே சொல்தான் வைத்திருக்கிறோம். தம்பி போர்வையை இழுப்பதற்கும் அதே சொல். பேனா கேட்பதற்கும் அதே சொல்.

அதனால் என்ன ஆகிறது? கேட்கிறவர்கள் காதில் அது சின்ன விஷயமாக விழுகிறது. "கண்டுக்காதட்டி, தானா போயிருவான்" என்கிறார்கள். இல்லையென்றால் நேர் எதிராக, ரொம்பப் பெரிய விஷயமாக விழுகிறது. என்னென்னவோ கற்பனை பண்ணிக்கொண்டு பயந்துவிடுகிறார்கள். இரண்டிலும் நடந்தது என்ன என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறாள். பெயர் வேண்டாம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தவள். பதினொன்றாம் வகுப்புக்குப் பஸ்ஸில் போய் வந்தாள். ஒரு நாள் வீட்டில், "பஸ்ஸுல ஒருத்தன் டிஸ்டர்ப் பண்ணுதான்மா" என்று சொன்னாள். அம்மா கேட்டாள், "என்னட்டி செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல."

"பொறவு என்னட்டி?"

"ஒரு மாதிரி இருக்குமா."

அவ்வளவுதான் பேச்சு. ராத்திரி அப்பா வந்தார், மாமா வந்தார், பெரியப்பா வந்தார். மறுநாளிலிருந்து அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த ஆள் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எந்த பஸ் என்று கேட்கவில்லை. கண்டக்டரிடம் சொல்லவில்லை. கலங்கினவளை வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள், கலக்கினவன் அதே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். இப்போது அக்கா மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றுகிறாள். அவள் வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. மகள் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். பயந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரைக்காக அவளிடம் பேசியபோது, "அன்னைக்கு எனக்கு வார்த்தை வரலட்டி" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் இலை வெட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "அவன் தெனமும் நான் எறங்குத ஸ்டாப்புலயே எறங்குவான். பேசமாட்டான். எங்க வீட்டுச் சந்து வரைக்கும் வருவான். திரும்பிப் போயிருவான். இதைச் சொல்லியிருக்கணும்" என்றாள். எனக்கு அதைக் கேட்டபோது திக்கென்று இருந்தது. ஒன்றும் செய்யவில்லை என்று அவள் சொன்னாளே, இது ஒன்றும் செய்யாததா? அவளிடம் இவ்வளவு விவரம் இருந்திருக்கிறது. "டிஸ்டர்ப்" என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. கேட்டவர்களும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

"என்ன செஞ்சான்?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் சில பேர் கையால் எதுவும் செய்யாமலே ஒருத்தரைக் கலங்க வைக்க முடியும். இதை நான் சொல்லவில்லை, சட்டமே சொல்கிறது. 1998-ஆம் வருடம் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இப்படிப்பட்ட கேலியால் உயிரிழந்தார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் அதே வருடம் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். முதலில் அதற்கு "ஈவ் டீசிங்" தடைச் சட்டம் என்று பெயர். டீசிங் என்றால் சும்மா கேலி, சீண்டல். அண்ணன் தங்கச்சியைச் சீண்டுவதற்கும் அந்தச் சொல்தான். 2002-இல் அந்தப் பெயரை மாற்றி, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடை செய்யும் சட்டம் என்று ஆக்கினார்கள். 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் ஒரு கையேடு வெளியிட்டது. பெண்களைப் பற்றிக் கோர்ட்டில் எந்தச் சொற்களை எழுதக் கூடாது, அதற்குப் பதில் எதை எழுத வேண்டும் என்று அதில் பட்டியல் இருக்கிறது. அதிலும் "ஈவ் டீசிங்" என்று எழுதாதீர்கள், தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் என்று எழுதுங்கள் என்று இருக்கிறது. பெரிய பெரிய நீதிபதிகளே ஒரு சொல்லை மாற்ற இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். சொல் சின்னதாக இருந்தால் குற்றமும் சின்னதாகத் தெரியும் என்றுதானே?

அந்த 1998 சட்டத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒருவர் அநாகரிகமாக நடந்து, அதனால் ஒரு பெண்ணுக்குப் பயமோ வெட்கமோ சங்கடமோ உண்டானால் அது குற்றம். உண்டாகக் கூடியதாக இருந்தாலே போதும். அதாவது அவன் என்ன செய்தான் என்பதோடு, அவளுக்கு எப்படி இருந்தது என்பதையும் சட்டம் கேட்கிறது. 18 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு 2012-இல் வந்த போக்சோ சட்டம் இருக்கிறது. தப்பான எண்ணத்தோடு ஒரு பிள்ளையைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, திரும்பத் திரும்பக் கவனித்துக்கொண்டிருப்பது, இதுகூட அந்தச் சட்டப்படி குற்றம். இந்தச் சட்டம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. பையன்களுக்கும் உண்டு. இதைப் பையன்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்களுக்கும் ஒன்று நடந்தது. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வருகிற வழியில் ஒரு வாய்க்கால் பாலம் இருக்கிறது. ஒரு ஆள் பைக்கை நிறுத்திவிட்டு அங்கே நிற்க ஆரம்பித்தார். எங்களைப் பார்த்ததும் போனைத் தூக்கிப் பிடிப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். முதல் நாள் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது நாள் ஒருத்தி, "எனக்கு என்னமோ நெருடலா இருக்கு" என்றாள். எல்லாரும் நின்று பார்த்தோம். எல்லாருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. பாயாசத்தில் கல் கடிபட்ட மாதிரி. கண்ணில் தூசி விழுந்த மாதிரி. நெருடல், உறுத்தல் என்று நம்ம தமிழில் எவ்வளவு சரியான சொல் இருக்கிறது!

அன்றைக்கு டீச்சர் நடத்திய பாடம் மனசில் இருந்தது. அதனால் நாங்கள் "டிஸ்டர்ப்" என்று சொல்லக் கூடாது என்று முடிவு பண்ணினோம். நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கோடு போட்டு எழுதினோம். தேதி, நேரம், இடம், ஆள் எப்படி இருந்தார், என்ன செய்தார், எங்களுக்கு எப்படி இருந்தது. ஆறு கட்டம். வண்டி நம்பரில் கடைசி நாலு எண் மட்டும்தான் தெரிந்தது, அதையும் எழுதினோம். நாலு நாள் எழுதி ஐந்தாவது நாள் டீச்சரிடம் கொடுத்தோம். வாசித்து முடித்ததும் டீச்சர் முகம் மாறிவிட்டது. "என்ன செஞ்சான்?" என்று அவர் கேட்கவில்லை. அது தாளிலேயே இருந்தது. "இதுக்கு எதுக்கு அஞ்சு நாள் காத்திருந்தீங்க? ரெண்டாம் நாளே வந்து சொல்லலாம்லா?" என்றுதான் கேட்டார். அடுத்த பீரியட்டே ஹெச்.எம். ரூமுக்குப் போனார். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற இரண்டு அம்மாக்கள் மறுநாள் சாயங்காலம் பாலத்துப் பக்கம் வந்து நின்றார்கள். ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஆள் அங்கே வரவில்லை. நாங்கள் ஐந்து பேரும் இன்றைக்கும் அந்த வழியில்தான் வருகிறோம். எங்களில் ஒருத்தியைக்கூட வீட்டில் நிறுத்தவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஒருவேளை அந்த ஆள் ஆற்றையும் தென்னந்தோப்பையும்தான் படம் பிடித்தாரோ என்று ஒருத்தி கேட்டாள். இருக்கலாம். ஆனால் அருவியில் தண்ணீர் நிறம் மாறினால் போலீஸ்காரர் விசில் அடிக்கிறார். வெள்ளம் வருமா வராதா என்று பந்தயம் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. எல்லாரும் வெளியே வந்துவிடுகிறோம். வெள்ளம் வரவில்லை என்றால் திரும்பப் போய்க் குளிக்கப் போகிறோம். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கடைசியாக ஒன்று. எங்கள் ஆச்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடிக்க ஆற்றுத் தண்ணீர்தானாம். புதுவெள்ளம் வந்தால் குடத்தில் கலங்கல்தான் வரும். அதற்காகக் கொட்டிவிட மாட்டார்கள். மண்பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை நன்றாக உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மண்ணெல்லாம் அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்துவிடும். அதன் சரியான பெயர் தேற்றாங்கொட்டை என்று தமிழ் ஐயா சொன்னார். தேற்றுதல் என்றால் தெளிய வைப்பது. அழுகிற ஒருத்தரைத் தேற்றுகிறோம் என்று சொல்வதும் அதே சொல்தான்! தேறினாள் தன்வினை, தேற்றினாள் பிறவினை. கலக்குவதற்கு ஒரு ஆள் இருப்பது போலத் தேற்றுவதற்கும் ஒரு ஆள் வேண்டும்.

ஆகையால் இதை வாசிக்கிற எல்லாரிடமும் சில வேண்டுகோள்.

தோழிகளே, மனசு "ஒரு மாதிரி" இருந்தால் அந்த மாதிரி என்ன மாதிரி என்று சொல்லுங்கள். எங்கே, எப்போது, யார், என்ன, எத்தனை தடவை என்று சொல்லுங்கள். வாயால் வராவிட்டால் தாளில் எழுதுங்கள். எங்களைப் போல ஐந்து நாள் காத்திருக்க வேண்டாம். வீட்டிலும் பள்ளியிலும் சொல்ல முடியாத விஷயம் என்றால் 1098 என்ற நம்பருக்குப் பேசலாம். பிள்ளைகளுக்கான இலவச நம்பர் அது. ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள்.

தோழர்களே, நீங்கள் "சும்மா விளையாட்டுக்கு" என்று நினைப்பது இன்னொருத்தர் குடத்தில் மண்ணைக் கிளப்பிவிடலாம். அவள் சிரித்துக்கொண்டே போனாலும் உள்ளே தெளிந்திருக்கிறாளா என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு யாராவது அப்படிச் செய்தாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

அம்மா, அப்பாக்கள் மீட்டிங்குக்கு வரும்போது இந்தத் தாளை வாசித்தால், உங்களிடமும் ஒன்று. பிள்ளை கலங்கி வந்தால் பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். மேலே எங்கே மழை பெய்கிறது என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி கேளுங்கள், மூன்றாவதும் கேளுங்கள்.

எங்கள் தெரு அக்கா போன வாரம் என் பழைய இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மாத்தான்" என்றாள். நான் இரண்டாவது கேள்வி கேட்டிருக்கிறேன். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

மணி அடித்திருந்தால் டிஸ்டர்ப் பண்ணினதற்கு மன்னிக்கவும்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி